பதினெட்டு வருட விஸ்கியில் உப்பு

போன மாதம் ஒரு கலியாண வரவேற்புக்காக, நான் வேலை செய்து ஓய்வு பெற்ற ஹோட்டலுக்கே விருந்தாளியாகப் போக வேண்டி வந்தது. பாரில் இப்போது நிற்பவன் திலக்‌ஷன். என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அலமாரியில் இருந்த ஒரு ஸ்கொட்ச் போத்தலுக்கு நேரே பிடித்தான். திரையில் எண்பத்தெட்டு என்று வந்தது. அதற்குக் கீழே தேன், ஆப்பிள், புகை என்று ஒரு பட்டியலும் ஓடியது.

“போத்தலைத் திறக்கவே தேவல்ல அண்ணன். ஃபோன் சொன்னாச் சரி. இது இல்லாம நீங்கெல்லாம் எப்பிடி மார்க் போட்டீங்க?”

“நாக்கால” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் மீன் முள்ளைப் போலத் தொண்டையில் நின்றது. திலக்‌ஷன் கேட்ட கேள்விக்கு அது பாதிப் பதில்கூட இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் படித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. இருபது வயதில் கொழும்பில் கிளாஸ் துடைத்தேன். பிறகு துபாயில் பதினொரு வருடம் பார் மேசைக்குப் பின்னால் நின்றேன். யுத்தம் முடிந்து எங்கள் கரையில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பினேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பு வாவியுமாக இருந்த இந்த ஹோட்டலில் வேலை கிடைத்தது. ஸ்கொட்ச் விஸ்கியைக் குடிக்காமல் பார்ப்பது எப்படி என்று அங்கேதான் கற்றேன். கற்றுத் தந்தவர் எங்கள் மதுபானப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த றொனால்ட் சேர்.

அவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். தகப்பன் வழியெல்லாம் தச்சர்கள். ஒல்லியான உயர்ந்த மனிதர். எவரையும் வாய்விட்டுப் பாராட்டமாட்டார். நாங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேனையின் மூடியை மூடினால் அதுதான் பாராட்டு. பேனை திறந்தபடி இருந்தால் திரும்ப முகர வேண்டும்.

மாதத்தின் முதல் புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஆறு விஸ்கிகளைப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு முந்திய அந்த நேரத்தில்தான் மூக்கு பசியோடு இருக்கும் என்பார் அவர். காலையில் பாணும் பட்டரும் தவிர வேறொன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. வெற்றிலை, தலைக்கு எண்ணெய், சென்ட் எதுவும் கூடாது. ஒருமுறை கோயிலுக்குப் போய்ச் சந்தனப் பொட்டோடு வந்த என்னைப் பார்த்து, “சாமி கும்பிட்டது சரி மனே, மணத்தை ஏன் இஞ்ச கொண்டாந்த?” என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

குழுவில் மூன்று பேர். சேர், நான், கேக் செய்யும் பகுதியில் இருந்த வசந்தி. வசந்தி மெதடிஸ்ட் வீட்டுப் பெண். குடும்பத்தில் யாரும் மது தொட்டதில்லை. ஒரு துளியும் விழுங்காமல் துப்பிவிட்டு, குடித்துப் பழகியவனைவிடத் திருத்தமாகச் சொல்வாள்.

முதலில் வாய் குவிந்த கிளாஸில் ஊற்றி, தண்ணீர் கலக்காமல் முகர்வோம். அந்த நிலையில் வாயில் வைப்பதில்லை, நாக்கு மரத்துவிடும். பிறகு சரிக்குச் சரி தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்து, ஒரு மிடறு வாயில் உருட்டித் துப்புவோம். மணத்துக்கு இருபத்தைந்து, வாய்க்கு இருபத்தைந்து, துப்பிய பிறகு நிற்கும் ருசிக்கு இருபத்தைந்து, மொத்த நிறைவுக்கு இருபத்தைந்து. பழுது ஏதுமிருந்தால் எழுதக் கடைசியில் ஒரு கட்டம். மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது.

“கண்ணால காணாத பழத்துட பேரை எழுதாத” என்பது சேரின் சட்டம். அதனால் நாங்கள் சந்தையில் கிடைப்பதையே எழுதினோம். ஸ்கொட்லாந்தின் ஸ்பேசைட் பக்கத்து விஸ்கிக்கு நத்தார் கேக்கில் போடும் பிளம்ஸ் என்றும் காட்டுத் தேன் என்றும் எழுதுவேன். ஐலா தீவிலிருந்து வருவதற்கு, கருவாட்டுக் கொட்டிலுக்குள் டிஞ்சர் போத்தல் உடைந்தது போல என்று ஒருநாள் எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பேனையை மூடினார். அன்று நான் நிலத்தில் நடக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. விஸ்கியில் கலக்கும் தண்ணீரை முதலில் சேர் குடித்துப் பார்ப்பார். வேறு யாரும் பார்க்கக் கூடாது. பெரியவருடைய உரிமையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு வருடத்தில் எனக்கு ஒரு பெயர் வந்தது. பார் மேசையில் வைக்கும் அட்டையில் ‘தவத்தின் தெரிவு’ என்று என் பெயரையே போட்டு மார்க்குகளை அச்சடித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தீவு விஸ்கிகளுக்கு மட்டும் நான் போட்ட மார்க்கைவிட அட்டையில் கூட இருக்கும். சேருக்கு அந்தத் தீவுகளில் ஒரு பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கதை வேறு. நான் வாவிக்கரையில் பிறந்தவன். எங்கள் வீட்டுக் கிணறு சவர், லேசான உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் சோறும் தேத்தண்ணியும். என் மனைவி ராணி கிரான் பக்கத்து வயல்காரி, நல்ல தண்ணீர்க் கிணற்றில் வளர்ந்தவள். நான் கறிக்கு மேல் உப்புப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், “கடலைக் கரைச்சு ஊத்தினாலும் உங்களுக்குக் காணாது” என்பாள். அதைக் கேலி என்றே எடுத்தேன்.

யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரடியனாற்றிலிருந்து வந்து பாரில் எனக்குக் கீழே நான்கு வருடம் வேலை செய்தவர். முப்பது வயதுக்காரர், ஒரு மகளின் தகப்பன். அளவுக் கிண்ணத்தில் ஒரு சொட்டுக் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். எதையும் என்னிடம் கேட்டுச் செய்வார். நான் சொன்னதும், “நீங்க சொன்னாச் சரி அண்ணன்” என்று திரும்பிப் போவார். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதைக் கேட்டுக் கேட்டு, நான் சொன்னால் சரிதான் என்று நானும் நம்பிப் போயிருந்தேன்.

அந்த வருடம் கச்சான் காற்று விடாமல் அடித்தது. கிணறுகள் வற்றின. றொனால்ட் சேர் கண்ணில் வெண்புரை எடுக்கக் கொழும்புக்குப் போனார். அலமாரித் திறப்பை என் கையில் வைத்து, “மத்ததெல்லாம் உனக்குத் தெரியும்தானே” என்றார். ஓம் என்றேன்.

அவர் போன நாலாம் நாள், எங்களுக்கு நிறைய ஆட்களைக் கொண்டுவரும் ஒரு சுற்றுலா முகவர், விருந்தினரோடு வந்து பதினெட்டு வருட ஸ்பேசைட் விஸ்கி கேட்டார். எங்களிடம் அந்தப் போத்தல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யோகன் ஊற்றி, அவர் கேட்டபடி பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு அந்த மனிதர் கிளாஸை வைத்தார். உப்புக் கரிக்கிறது என்றார். மேசையில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். போத்தலில் இருந்ததை எடுத்துவிட்டு எதையோ நிரப்பி வைத்திருக்கிறீர்கள் என்றார். முகாமையாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலை குழு கூடி முடிவு சொல்ல வேண்டும், தலைமை நான் என்று ஏற்பாடானது.

பத்தரை மணி. முகாமையாளர் ஒரு மூலையில் இருந்தார். வசந்தி என் எதிரே. யோகன் கதவடியில் நின்றார். நான் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தேன். பாரின் குழாயில், வடிகட்டி பூட்டிய குழாயில், வழக்கம்போல யோகன் பிடித்து வைத்த தண்ணீர்.

“அண்ணன், போத்தலைத் திறந்து மூணு நாள்தான் ஆகுது. நான் கை வைக்கல்ல” என்றார் யோகன். “எனக்கென்னவோ தண்ணியிலதான் சந்தேகம். முதல்ல தண்ணியக் குடிச்சுப் பாருங்க. நீங்க சொன்னாச் சரி.”

அவருடைய வேலையும் பெயரும் அந்தக் குவளைக்குள் இருந்தன. குடித்தேன். இன்னொரு மிடறும் குடித்தேன். சின்ன வயதிலிருந்து நான் குடித்து வளர்ந்த தண்ணீரைப் போலத்தான் இருந்தது.

“நல்ல தண்ணி” என்றேன்.

பிறகு விஸ்கியை முகர்ந்தேன். பிளம்ஸ், தேன், பழைய பலகை. ஒரு பழுதும் இல்லை. இது அசல் என்று என் மூக்கு அடித்துச் சொன்னது. தண்ணீர் கலந்தோம். வசந்தி வாயில் வைத்தாள், துப்பினாள். வழக்கத்தில் எழுதத்தான் வேண்டும். அன்று முகாமையாளர் அவசரப்படுத்தியதால் வாயால் சொன்னாள்.

“உப்பு. நல்லாத் தெரியுது. தண்ணி சரியா அண்ணன்?”

“தண்ணி நான் பாத்தாச்சு.”

என் முறை. வாயில் உருட்டினேன். உப்பு இல்லை. மறுபடி ஒரு மிடறு எடுத்தேன். இல்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தவர்கள் எல்லோருக்கும் உப்பு. கேக் செய்கிற பெண்ணுக்கு உப்பு. அட்டையில் பெயர் போட்ட எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு சொல் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதிலும் அந்த வெட்கத்தை நினைத்தால் காது சுடுகிறது.

“ஓம், இரிக்கு” என்றேன். பழுதுக் கட்டத்தில் உப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தண்ணீர் நல்லது, விஸ்கியில் உப்பு. அப்படியென்றால் போத்தலில் கை வைத்தவர் யோகன். அதற்குமேல் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோகன் வாதாடவில்லை. என்னை ஒருதரம் பார்த்தார். மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குள் கரையோரத்து ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் கதை போய்விட்டது. விஸ்கி களவெடுத்தவன் என்ற பெயரோடு போகிறவருக்கு எந்த பார் கதவு திறக்கும்?

மூன்றாவது கிழமை றொனால்ட் சேர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். என் தாளைக் கேட்டார். ஜன்னலடியில் வைத்து மெதுவாகப் படித்தார். பேனை திறந்தபடியே இருந்தது.

“மணத்தில ஒரு பழுதும் எழுதல்ல. வாயில உப்பு எண்டு எழுதியிரிக்க. தண்ணிய ஆர் பாத்த?”

“நான்தான் சேர். நல்ல தண்ணி.”

கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. பாருக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தார். வாயில் வைத்ததும் துப்பினார். வசந்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவளும் துப்பினாள்.

“வாவித் தண்ணி மாதிரி இரிக்கு சேர்” என்றாள்.

வடிகட்டி செத்துப்போய், வற்றிய கிணற்றின் உப்பு அப்படியே குழாயில் வந்திருந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரை பாரைத் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை. வந்தவர்கள் போத்தல் தண்ணீர் குடித்தார்கள். வசந்தியின் பக்கத்துக்கும் போத்தல் தண்ணீர்தான். வேறு யாரும் விஸ்கிக்குத் தண்ணீர் கேட்டார்களோ, கேட்டும் சொல்லாமல் போனார்களோ தெரியாது. சேர் அலமாரியைத் திறந்து அந்தப் பதினெட்டு வருடப் போத்தலை எடுத்து, தண்ணீர் விடாமல் வசந்தியின் நாக்கில் இரண்டு சொட்டு வைக்கச் சொன்னார். உப்பு இல்லை. அந்தக் கிளாஸை நானும் வாங்கிக் குடித்தேன். குழாய்த் தண்ணீரையும் குடித்தேன். எனக்கு அது அப்போதும் நல்ல தண்ணீர்.

சேர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து என் முன்னால் போட்டார். ஆறு வருட மார்க்குகள். என் பெயருக்குக் கீழே இரண்டு வரிசை இருந்தது. ஒன்று நான் போட்டது. பக்கத்தில் சிவப்பு மையில் அவர் திருத்தியது. தீவு விஸ்கி வரும் இடமெல்லாம் சிவப்பு.

“உனக்கு உப்புப் பிடிபடுறல்ல எண்டு முதல் மாசமே கண்டுட்டன்” என்றார். “கடலுக்குப் பக்கத்தில கிடந்த விஸ்கியில ஒரு கரிப்பு இரிக்கும். எல்லாருக்கும் தெரியும், உனக்குத் தெரியா. கொஞ்ச உப்பெண்டா உன்ட நாக்குக்கு வெறுந்தண்ணி.”

“ஏன் சேர் எனக்குச் சொல்லல்ல?”

கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். “உன்னப் போல ஒரு மூக்கு எனக்குக் கிடைச்சதில்ல. சொன்னா நீ பயந்து அதையும் கெடுத்துப் போடுவாய் எண்டு நினைச்சன். உப்பை நான் பாத்துக்குவன் எண்டு நினைச்சன். தண்ணிய நான் மட்டும் பாத்தது அதுக்குத்தான்.”

என்னுடையது என்று ஊரெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போன அட்டை என்னுடையதல்ல. அந்த அதிர்ச்சி பெரிதுதான். ஆனால் அந்த அறையில் இருந்தபோது என்னை உலுக்கியது வேறு ஒன்று. என் மூக்கு உண்மையைச் சொன்னது. அதை அமுக்கிவிட்டு, இல்லாத நாக்கால் ஒரு மனிதனைக் கள்ளனாக்கிவிட்டேன். அன்று விஸ்கியில் எனக்கு உப்புத் தெரிந்ததா இல்லையா என்று சேர் கேட்கவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் பேனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் கரடியனாற்றுக்குப் போனேன். யோகன் வயல் வட்டையில் வேலையாக நின்றார். என்னைக் கண்டதும் வரம்பில் ஏறி வந்தார். வாங்க என்று மட்டும் சொன்னார். வீட்டு முற்றத்தில் கதிரை போட்டார். உள்ளேயிருந்த அவர் மனைவி வெளியே வரவில்லை.

வடிகட்டி பழுது, தண்ணீரில்தான் உப்பு, நீங்கள் சொன்னது சரி என்று சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை.

“அது எனக்குத் தெரியும். நான் அண்டைக்கே குடிச்சன். நீங்களும் குடிச்சீங்க. குடிச்சுப்போட்டு நல்ல தண்ணி எண்டீங்க.”

“எனக்கு உப்புத் தெரியா யோகன்.”

அவர் நம்பவில்லை. எழுந்து உள்ளே போனார். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “ஒண்டு கிணத்துத் தண்ணி. மத்ததில உப்புப் போட்டிரிக்கு. எது எண்டு சொல்லுங்க” என்றார்.

முதலாவதைக் குடித்தேன். இரண்டாவதைக் குடித்தேன். திரும்பவும் முதலாவது. வேர்த்து ஊற்றியது. ஒரு டம்ளரைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதை எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். மற்றதை எடுத்து ஒரு மிடறு வைத்ததும் முகம் கோணி நிலத்தில் துப்பினார். அப்படியே என்னைப் பார்த்தபடி நின்றார். சேரின் அறையில் நான் அதிர்ந்து போனது போல அவர் இப்போது முற்றத்தில் நின்றார்.

“மூணு கிழமையா உங்கள மனசுக்குள்ள ஏசிக்கொண்டிருந்தன் அண்ணன்” என்றார். “முகாமையாளருக்குப் பயந்து தெரிஞ்சுகொண்டே சொன்னீங்க எண்டு நினைச்சன். அப்ப நீங்க பொய் சொல்லல்ல.”

அந்த இடத்தில் எழும்பி வந்திருக்கலாம். மன்னிப்பு கையில் வந்து விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போயிருந்தால் யோகனுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். வாய் வரைக்கும் வந்த ஓம் என்ற சொல்லை விழுங்கினேன். அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது.

“தண்ணிக்குச் சொன்னது பொய்யில்ல யோகன்” என்றேன். “விஸ்கிக்குச் சொன்னது பொய். விஸ்கியிலயும் எனக்கு உப்புத் தெரியல்ல. வசந்தி சொன்னதால ஓம் எண்டன். தெரியல்ல எண்டு சொல்ல வெட்கமாப் போச்சு.”

அவர் டம்ளர்கள் இரண்டையும் எடுத்தார். மிச்சத் தண்ணீரை வேலியோரம் ஊற்றினார். திரும்பி வர நேரம் எடுத்தது.

“இத அங்க வந்து, எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?”

சொன்னேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், சமையல்காரரிலிருந்து முகாமையாளர் வரை இருக்கும்போது எழும்பி நின்று சொன்னேன். றொனால்ட் சேரும் எழும்பித் தன் கொப்பியைக் காட்டினார். அட்டையிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். தலைமை வசந்திக்குப் போனது. யோகன் குற்றமற்றவர் என்று கரையோர ஹோட்டல்களுக்கெல்லாம் கடிதம் போனது. ஓய்வு பெறும்வரை நான் மணத்துக்கு மட்டும் மார்க் போட்டேன். மற்றக் கட்டங்களுக்கு நேரே ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். முதல் தடவை அதைப் படித்த அன்று சேர் பேனையை மூடினார்.

யோகன் திரும்பி வந்தார். அதே பாரில், எனக்குப் பக்கத்தில், இன்னும் ஏழு வருடம் வேலை செய்தோம். என் ஓய்வு நாளில் மாலை போட்டவரும் அவர்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எதையாவது நான் சொன்னால் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், பிறகு தானும் ஒருதரம் பார்த்துவிட்டே செய்வார். நீங்க சொன்னாச் சரி அண்ணன் என்று அவர் அதன் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை.